பால்மரமும் சோப்பு நீரும்

‘தேவையே கண்டுபிடிப்பின் தாய்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றவர்கள் எங்கள் வகுப்பில் மூவர் இருக்கிறார்கள். ஆகவே இவ்வாண்டு விஞ்ஞானக் கண்காட்சிக்கு என்ன பொருள் எடுக்கப் போகிறீர்கள் என்று சிஸ்டர் கேட்டபோது, ‘போர் தந்த புதுப்பொருள்கள்’ என்று நாங்கள் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் சொன்னதில் வியப்பொன்றும் இல்லை. சிஸ்டர் மூக்குக் கண்ணாடியைச் சற்றே இறக்கி எங்களைப் பார்த்தார்கள். “போர் தந்ததா? சரி, செய்து முடித்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்” என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பார்வையின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

முதலில் நைலான், பாலித்தீன், செயற்கை ரப்பர் என்று மூன்று பொருள்களை எடுத்துக்கொண்டோம். மூன்றும் எங்கள் வீடுகளில் தினமும் கையில் படுபவை. நைலான் 1935-இல் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் கரோதர்ஸ் என்பவரின் குழு கண்டது. 1940-இல் பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்தது. போர் வந்ததும் காலுறை நின்றுபோய்ப் பாராசூட் துணி ஆயிற்று. பாலித்தீன் 1933-இல் இங்கிலாந்தில் ஒரு சோதனை எதிர்பாராத வழியில் போனதால் கிடைத்த வெள்ளை மெழுகு. அதைக் கொண்டு ராடார் கருவியின் கம்பிகளுக்கு உறை போட்டார்கள். இவ்விரண்டையும் ஓர் அட்டையில் அடக்கிவிட்டோம். ரப்பரில்தான் மாட்டிக்கொண்டோம். அதற்குக் காரணம் ஒரு கேன்.

சிஸ்டரின் சொந்த ஊர் குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அருகில். அவர்கள் வீட்டைச் சுற்றி ரப்பர் தோட்டம். கண்காட்சிக்கு என்று சொன்னதும், அவர்களுடைய தம்பி ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் ரப்பர் பாலை, உறையாமல் இருக்க அமோனியா கலந்து, பஸ்ஸில் கொடுத்து அனுப்பிவிட்டார். மூடியைத் திறந்தவுடன் ஆய்வுக்கூடமே மூக்கைப் பொத்திக்கொண்டது. அட்டையில் எழுதுவதை விட, தட்டில் ஊற்றிக் காட்டுவது எவ்வளவோ மேல் அல்லவா? கொஞ்சம் பாலை எடுத்து நீர் சேர்த்து, வினிகர் விட்டுக் கலக்கினோம். எலுமிச்சை பிழிந்த பால் திரிவது போலத் திரிந்து, சிறிது நேரத்தில் தட்டோடு தட்டாக வெள்ளைப் பாளமாக நின்றது. சப்பாத்திக் கட்டையால் தேய்த்து நீரை வெளியேற்றினோம். இழுத்தால் நீளுகிறது! எங்கள் கையால் செய்த ரப்பர்! அன்று மாலை யாருக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை.

இந்தப் பால்தான் 1942-இல் அமெரிக்காவுக்குக் கிடைக்காமல் போயிற்று.

கதை இதுதான். ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. 1876-இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் போயின. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் மலேயாவும், இன்று இந்தோனேசியா எனப்படும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் உலகத்துக்கே ரப்பர் கொடுத்தன. அமெரிக்கா வாங்கிய ரப்பரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அந்தப் பக்கத்திலிருந்தே போயிற்று. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. எழுபதே நாட்களில் தொண்ணூறு பங்கும் போயிற்று.

அமெரிக்காவின் கையிருப்பு ஏறத்தாழ 10 லட்சம் டன். ஆண்டுச் செலவு சுமார் 6 லட்சம் டன். அதுவும் சமாதான காலத்துக் கணக்கு. ஒரு ஷெர்மன் டாங்கிக்கு மட்டும் அரை டன் ரப்பர் வேண்டும் என்றால் மற்றதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அந்நாட்டில் போரின்போது முதன்முதலாகப் பங்கீட்டுக்கு வந்த பொருள் சர்க்கரை அன்று, டயர்! வண்டிகள் மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓடக்கூடாது என்றார்கள். டயர் தேயக்கூடாது என்பதற்காகப் பெட்ரோலையே அளந்து கொடுத்தார்கள். 1942 ஜூனில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், வீட்டில் கிடக்கும் பழைய ரப்பரையெல்லாம் பெட்ரோல் நிலையத்தில் கொண்டுவந்து கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பழைய டயர், தோட்டத்துக் குழாய், மழைக்கோட்டு, காலணி என்று நான்கு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்தது. ஆனால் ஒருமுறை உழைத்து ஓய்ந்த ரப்பர் புது ரப்பர் ஆகாது. அந்த ஆண்டு செப்டம்பரில், பாரூக் என்பவர் தலைமையில் அமைந்த குழு, எல்லா மூலப்பொருள் பஞ்சத்திலும் ரப்பர் பஞ்சமே நாட்டுக்குப் பெரிய ஆபத்து என்று அறிக்கை கொடுத்தது.

இனிமேல் ஆய்வுக்கூடங்கள் வருகின்றன. எங்கள் அட்டைகளில் மிக அழகான அட்டை இதுதான் என்று நாங்களே சொல்லிக்கொள்வது தற்பெருமை ஆகாது என்று நம்புகிறோம்.

செயற்கை ரப்பருக்கு இரண்டு பொருள்கள் வேண்டும். ஒன்று பியூட்டாடையீன் என்னும் வாயு. பெட்ரோலியத்திலிருந்தும் தானியச் சாராயத்திலிருந்தும் எடுத்தார்கள். மற்றொன்று ஸ்டைரீன் என்னும் திரவம். மூன்று பங்குக்கு ஒரு பங்கு என்று இரண்டையும் சேர்த்து, சோப்புத் தண்ணீரில் விட்டு, மூடிய கலத்தில் 50 டிகிரி சூட்டில் சுமார் பன்னிரண்டு மணி நேரம் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆம், சோப்புத் தண்ணீர்தான்! சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெய்ப் பாத்திரம் தேய்க்கும்போது இதுதான் நடக்கிறது என்று வேதியியல் வகுப்பில் படித்திருக்கிறோம். சோப்பு மூலக்கூறுகள் வட்டமாகக் கூடி நிற்கும் சின்னஞ்சிறு கூடுகளுக்குள் பியூட்டாடையீனும் ஸ்டைரீனும் புகுந்து, ஒன்றோடொன்று கைகோர்த்து, ஆயிரக்கணக்கில் சங்கிலியாக நீளுகின்றன. முடிவில் கலத்தில் இருப்பது என்ன தெரியுமா? வெள்ளைப் பால். மரத்துப் பாலைப் போலவே பால். அதில் உப்பும் அமிலமும் விட்டால் திரிந்து ரப்பர் துணுக்குகள் வருகின்றன. நாங்கள் வினிகர் விட்டுச் செய்ததை அவர்கள் தொழிற்சாலையில் செய்தார்கள். மரம் ஒன்றுதான் இல்லை.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரு தொட்டி ரப்பர் நன்றாக வரும், அடுத்தது வராது. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் அத்தனை பேர் வேலை செய்தார்கள். சில சோப்புகளில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு அமிலம் சங்கிலி வளர்வதைத் தாமதப்படுத்துகிறது என்று கண்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்வெல், மின்னசோட்டாவில் கோல்த்தாப், இன்னும் பல பல்கலைக்கழகங்களும் டயர் கம்பெனிகளும் ஒரே வேலையில் இறங்கின. கார்னெல் பல்கலைக்கழகத்தில் நோபல் பரிசு பெற்ற டிபை, ரப்பர் கரைசலுக்குள் ஒளியைச் செலுத்தி, அது எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்தே சங்கிலியின் நீளத்தைக் கணக்கிட வழி கண்டார். நற்கருணை ஆசீரின்போது தூபப் புகைக்குள் ஜன்னல் வெயில் விழுந்து கோடாகத் தெரியுமே, அந்தச் சிதறல்தான். கோயிலில் அதைப் பார்த்துப் பராக்குப் பார்த்ததற்காக நாங்கள் வாங்கிய திட்டுகள் வீண்போகவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

பலன்? 1941-இல் அமெரிக்கா முழுவதும் உண்டாக்கிய பொதுப் பயன் செயற்கை ரப்பர் 231 டன். 1945-இல் மாதத்துக்கு 70,000 டன். இந்த இரண்டு எண்களையும் சிவப்பு மையில் ஆள் உயரக் கோடாக வரைந்து, மேலே ‘போரின் கொடை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினோம். எழுதியது நாங்களேதான். மறைப்பதற்கில்லை.

அந்தத் தலைப்புக்கு முதல் அடி எங்கள் அட்டைகளுக்குள்ளிருந்தே விழுந்தது. ஆண்டுகளை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டிருந்த தோழி திடீரென்று பேனாவை மூடிவைத்துவிட்டு, “போர் எப்போது தொடங்கிற்று?” என்று கேட்டாள். 1939 என்றோம். “அப்படியானால் இதிலே போர் எதைக் கண்டுபிடித்தது?” என்றாள். பார்த்தால் அவள் சொன்னது சரி. பியூட்டாடையீனையும் ஸ்டைரீனையும் சேர்த்து ‘பூனா’ என்ற ரப்பரை ஜெர்மானியர் 1929-இலேயே கண்டுவிட்டார்கள். (இது நம் புனே நகரம் அன்று; பியூட்டாடையீன், நாட்ரியம் என்பவற்றின் முதலெழுத்துகள்.) ரஷ்யாவில் லெபெதெவ் கண்ட முறைப்படி சாராயத்திலிருந்து ரப்பர் செய்யும் தொழிற்சாலை 1932-இல் ஓடத் தொடங்கிவிட்டது. நைலான் 1935, பாலித்தீன் 1933. எல்லாம் சமாதான காலத்துப் பிள்ளைகள்!

இவற்றுக்கெல்லாம் மூத்த பிள்ளையின் கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. அதைச் சொல்லாமல் போக மாட்டோம். திருச்சிலுவைச் சபைக் குருவான நியூலாந்து அடிகளார் பெல்ஜியத்தில் பிறந்து, அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் தாவரவியலும் வேதியியலும் கற்பித்தவர். வெல்டிங் பட்டறையில் எரிகிறதே அசெட்டிலின் வாயு, அதன் மீது அவருக்கு ஆயுட்காலப் பற்று. 1920-இல் அந்த வாயுவிலிருந்து ரப்பர்போல் ஆகக்கூடிய ஒரு பொருளை உண்டாக்கினார். 1925-இல் அவர் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்ட டூபான்ட் கம்பெனி வேதியியலார் அதைப் பற்றிக்கொண்டார்கள். அதிலிருந்து 1931-இல் வந்ததே நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பர். வந்த பணத்தை அடிகளார் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர் அல்லவா?

இதே அடிகளார் இளைஞராக இருந்தபோது, 1904-இல், பட்டத்துக்கான ஆராய்ச்சியில் அசெட்டிலினோடு ஆர்சனிக் சேர்ந்த ஒரு பொருளைக் கலந்தார். வந்த நச்சுப் பொருளால் நோயுற்றுப் பல நாள் மருத்துவமனையில் கிடந்தார். இனி இதைத் தொடுவதில்லை என்று விட்டுவிட்டார். பதினான்கு ஆண்டுகள் நூலகத்தில் தூங்கிய அந்த ஆராய்ச்சிக் கட்டுரையை முதல் உலகப் போரின்போது தேடியெடுத்து, அதிலிருந்து லூயிசைட் என்ற விஷத் திரவத்தைப் போருக்காகச் செய்தார்கள். பயன்படுத்துமுன் போர் முடிந்தது. ஒரு குரு வேண்டாமென்று மூடி வைத்ததைப் போர் திறந்து பார்த்தது. இதை எந்த அட்டையில் ஒட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. ‘கொடை’ அட்டையில் ஒட்ட முடியாது.

அப்படியானால் போர் செய்தது என்ன? எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. கடைசியில் எங்களுக்குப் புலப்பட்டது இது. போர் பணப்பெட்டியைத் திறந்தது. அரசாங்கம் கோடிக்கணக்கான டாலரை இறைத்து ஐம்பது தொழிற்சாலைகள் போலக் கட்டியது. அதை விடப் பெரிய காரியம், கம்பெனிகளின் இரகசியப் பெட்டிகளைத் திறந்தது. ஒருவர் முறை மற்றவருக்குத் தெரியாமல் பூட்டி வைத்திருந்தவர்கள், 1941 டிசம்பர் 19-இல் ஒப்பந்தம் செய்துகொண்டு, தாங்கள் அறிந்ததைப் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த மார்ச்சில் எல்லாருக்கும் பொதுவான ஒரே செய்முறை வகுத்து அதன்படியே செய்தார்கள். பரீட்சைக்கு முதல்நாள் நோட்டை மறைத்து வைக்காமல் எல்லாரும் சேர்ந்து படித்தது போல! இதை ஏன் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, குண்டு விழாத நாளில் செய்யவில்லை? அந்தக் கேள்விக்கு எட்டுப் பேரில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. சிஸ்டரிடம் கேட்டோம். “பெரியவர்களைக் கேளுங்கள்” என்றார்கள். சிஸ்டரை விடப் பெரியவர்கள் யார் என்றுதான் விளங்கவில்லை.

ஜெர்மனியின் கதையையும் சேர்க்க வேண்டியதாயிற்று. முதலில் ரப்பர் கண்டவர்கள் அவர்கள். அங்கே ஐ.ஜி. பார்பன் என்னும் பெரிய இரசாயனக் கம்பெனி, பூனா ரப்பருக்கென்று புதிய தொழிற்சாலை ஒன்றைக் கட்ட இடம் தேடியது. தேர்ந்தெடுத்த இடம் போலந்தில் ஆஷ்விட்ஸ். புனித மாக்சிமிலியன் கோல்பே, வேறொருவருக்குப் பதிலாகத் தம் உயிரைக் கொடுத்த அதே ஆஷ்விட்ஸ்தான். அருகில் மோனோவிட்ஸ் என்ற முகாமில் கைதிகளை அடைத்து, அவர்களைக் கொண்டே தொழிற்சாலையைக் கட்டினார்கள். பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் மடிந்தார்கள். இத்தாலிய எழுத்தாளர் பிரிமோ லேவி ஒரு வேதியியலார். அங்கே கைதியாக இருந்து தப்பிப் பிழைத்து எழுதியதால் உலகம் அதை அறிந்தது. இத்தனைக்கும் அந்தத் தொழிற்சாலையிலிருந்து போர் முடியும்வரை ஒரு கிலோ பூனா ரப்பர்கூட வெளிவரவில்லை. இதை எழுதும்போது தோழி ஒருத்தி, ‘கொடை’ என்ற சொல்லின் மீது ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டாள். வேறு தலைப்பு கிடைக்கவில்லை. கண்காட்சியின் முதல் நாள் எங்கள் அரங்கு ‘போரின்’ என்ற பாதித் தலைப்போடுதான் திறந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அன்று பிற்பகல் பெற்றோர் பார்க்க வரும் நேரம். எங்கள் எட்டுப் பேரில் ஒருத்தியின் அம்மா, அவளுடைய கொள்ளுப்பாட்டியையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். தொண்ணூறு வயது. கைத்தடி உண்டு, கண்ணாடி இல்லை. நாங்கள் எல்லாரும் ‘ஆயா’ என்றே கூப்பிடுவோம். ஆயாவுக்கு எழுத்து தெரியாது. ஆகையால் அட்டைகளைத் தாண்டி நேரே தட்டுகளிடம் வந்தார். ரப்பர் பால் இருந்த கிண்ணத்தின் மேல் குனிந்தார். விரலை விட்டுத் தொட்டு, கட்டை விரலால் தேய்த்தார்.

“இது பால்மரத்துப் பாலுல்ல? ஏம்புள்ள, இது இங்க எப்படி வந்துச்சு?” என்றார்.

ஆயா மலேயாவில் பிறந்தவர் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. எங்கள் தோழிக்கே, ‘கப்பலில் வந்தவர்கள்’ என்பதற்கு மேல் தெரியாது. நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கெடா மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டம், லயத்தில் வீடு. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டப் போவார்களாம். ஆயா கூடவே ஓடி மங்கு துடைப்பாராம். மங்கு என்றால் பால் வடியும் கிண்ணம். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து உருண்டை செய்தால் அதுதான் பந்து. கண்ணை மூடிக்கொண்டு அந்த நாற்றத்தை மறுபடி ஒருமுறை முகர்ந்தார். நாங்கள் மூன்று நாளாக மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்த நாற்றம் அது.

பிறகு கைத்தடியால் எங்கள் சிவப்புக் கோட்டைக் காட்டி, “இதுல என்ன எழுதியிருக்கு?” என்றார். ஒருத்தி உரக்கப் படித்தாள்: 1942-இல் மலேயாவிலிருந்து ரப்பர் வருவது நின்றது, ஆகவே அமெரிக்காவில் செயற்கை ரப்பர் ஆராய்ச்சி பெருகியது.

“ரப்பர் வர்றது நின்னுச்சு, சரி. அதை வெட்டுன ஆளுங்க என்ன ஆனாங்கன்னு எழுதலையா?”

எழுதவில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆயா சொன்னதை அப்படியே எழுத எங்களுக்குத் திறமை போதாது. ஜப்பான்காரன் வந்த பிறகு ரப்பரை வாங்க ஆளில்லை. வெட்டு நின்றது, கூலி நின்றது. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. துணி இல்லாமல் கோணிச்சாக்கைத் தைத்துக் கட்டிக்கொண்டார்கள். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு கட்டுக்கட்டாக இருந்தும் ஒன்றும் வாங்க முடியவில்லை. 1943-இல் ஆள் எடுக்க வந்தார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை, மூன்று மாதந்தான், நாளைக்கு ஒரு வெள்ளி என்று சொன்னார்களாம். தோட்டத்தில் வேலை இல்லாத ஆண்கள் எல்லாரும் பெயர் கொடுத்தார்கள். கொடுக்காதவர்களையும் பிடித்துப் போனார்கள். ஆயாவின் அப்பா கூட்ஸ் வண்டியில் ஏறிப் போனார். ஆயாவுக்கு அப்போது ஒன்பது வயது. “எங்கப்பாரு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு ஏறுனாரு. திரும்பிப் பாக்கல. பாத்தா எறங்கிருவாருன்னு எங்கம்மா சொல்லும்.”

போர் முடிந்து அதே லயத்து ஆள் ஒருவர் காலெல்லாம் புண்ணோடு திரும்பி வந்தார். மழைக் காலத்தில் முகாமில் வாந்திபேதி கண்டு அப்பா போய்விட்டார் என்றார். எந்த இடம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. 1948-இல் மலேயாவில் மறுபடி கலகம் தொடங்கவே, ஆயாவின் அம்மா பிள்ளைகளோடு கப்பலேறி நாகப்பட்டினத்தில் வந்து இறங்கிவிட்டார்.

அன்றிரவே நாங்கள் படித்தோம். அந்தப் பாதை தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. போர்க்கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்கள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களைப் பற்றித் திரைப்படம் உண்டு. காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலேயாவிலிருந்து மட்டும் போனவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். சிப்பாய்களுக்கு இருப்பது போல ஆளுக்கொரு கல்லறை அவர்களுக்கு இல்லை.

மறுநாள் நடுவர்கள் வரும் நாள். இதற்கென ஓர் அட்டை வைப்பதா, வேண்டாமா? எங்களில் மூவர் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விஞ்ஞான அரங்கில் விஞ்ஞானந்தான் இருக்க வேண்டும் என்பது விதி. மதிப்பெண் போய்விடும் என்றார்கள். இன்னொருத்தி, “ஆராய்ச்சியாளர்கள் யாரையும் சயாமுக்கு அனுப்பவில்லையே, அவர்கள் மேல் ஏன் பழி?” என்றாள். பழி சொல்லவில்லை என்றோம். சோப்புத் தண்ணீரில் ரப்பர் செய்தவர்கள் நல்ல மூளையும் நல்ல கையும் உள்ளவர்கள். மலேயா ரப்பர் வராமற்போன பள்ளத்தை அவர்கள் மூன்றே ஆண்டுகளில் நிரப்பினார்கள். ஆனால் அந்தப் பள்ளத்துக்குள் மனிதர்கள் விழுந்திருந்தார்கள். கோட்டை வரைந்த நாங்கள் ஒரு பக்கம் மட்டும் வரைந்துவிட்டோம். யாருடைய கொள்ளுப்பாட்டியோ, அந்தத் தோழி இவ்வளவு நேரமும் வாய் திறக்கவில்லை. கடைசியில், “வைத்தால் நானே எழுதுகிறேன்” என்றாள். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்திலேயே, அதே உயர அட்டையில், சயாம் பாதையை வரைந்தோம். ஆயாவின் அனுமதியோடு அவருடைய அப்பாவின் பெயரையும் ஊரையும் எழுதினோம். அந்தப் பெயரை இங்கே அச்சிடவில்லை. “பள்ளிக்கூடத்துச் செவுத்துல இருந்தாப் போதும்” என்று ஆயா சொல்லிவிட்டார். ‘போரின்’ என்ற பாதித் தலைப்பைக் கிழித்துவிட்டு, ‘1942: ரப்பர் நின்றபோது’ என்று எழுதினோம்.

நடுவராக வந்த பெரியவர் ஒருவர் ரப்பர் பாளத்தை இழுத்துப் பார்த்து மகிழ்ந்தார். சோப்பு மூலக்கூறு பற்றி மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் சரியாகச் சொன்னோம். பிறகு சயாம் அட்டையின் முன் நின்று, “இது வரலாற்று அரங்குக்குப் போக வேண்டியது அல்லவா?” என்றார். தோழி, “ஐயா, ரப்பர் இரண்டு அட்டையிலும் ஒன்றுதான்” என்றாள். அவர் பதில் சொல்லாமல் குறித்துக்கொண்டு போனார். முதற்பரிசு மழைநீர் சேமிப்பு அரங்குக்குப் போயிற்று. அது உண்மையிலேயே நன்றாக இருந்தது. எங்கள் தட்டுகளைப் போல நாறவும் இல்லை.

இன்று உலகம் பயன்படுத்தும் ரப்பரில் ஏறக்குறையப் பாதி செயற்கை; மீதி இன்னும் மரத்துப் பால்தான். விமானம் தரையில் இறங்கும்போது சூடேறும் டயருக்கு இயற்கை ரப்பரே வேண்டும் என்கிறார்கள். அத்தனை ஆராய்ச்சிக்குப் பிறகும் விடியற்காலையில் யாரோ மரத்தை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதை ஆயாவிடம் சொன்னோம். “கூலி என்ன குடுக்குறானாம்?” என்று கேட்டார்.

கண்காட்சி முடிந்ததும் சிஸ்டரிடம் போய், போர் தந்ததா என்று கேட்டீர்களே, செய்து முடித்துவிட்டோம் என்றோம். எங்களை உட்கார வைத்து முழுவதையும் கேட்டார்கள். பின்பு சயாம் அட்டையைக் கையோடு வாங்கிக்கொண்டு போய், வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தனிம வரிசை அட்டவணைக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார்கள். ஜன்னல் ஓரம் ஆதலால் ஐப்பசி மழைச் சாரல் பட்டு ஒரு மூலை சுருண்டிருக்கிறது. பெயர் இருக்கும் பக்கம் அது அன்று, பார்த்துவிட்டோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் புது அட்டையில் பெயர்த்து எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேனின் அடியில் கொஞ்சம் பால் மீதி இருக்கிறது. வேண்டுவோர் மூக்கைப் பொத்திக்கொண்டு வரலாம்.